தறிக்குழிக்குள் வந்த மேம்பாடு

மேம்பாடு என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். முன்பு இருந்ததைவிட நல்ல நிலைக்கு வருவது என்று போட்டிருக்கிறது. யாருக்கு நல்ல நிலை என்று போடவில்லை. எழுதியவர் மாடி வீட்டுக்காரராக இருக்கவேண்டும்.

கோபப்படாமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. விலை ஏறினால் உயர்வு என்கிறோம், வெயில் ஏறினால் அதிகம் என்கிறோம். இரண்டிலும் ஒரு முனகல் சேர்ந்தே வரும். மேம்பாடு அப்படியில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வரும் சொல் அது. திறன் மேம்பாடு, ஊரக மேம்பாடு, ஆளுமை மேம்பாடு என்று எதன் பின்னாலும் போய் நின்றுகொள்ளும். எதிர்த்துப் பேசினால் நாம்தான் முன்னேற விருப்பமில்லாத ஜென்மம். என் போன்கூட அடிக்கடி தன்னை மேம்படுத்தச் சொல்கிறது. சரி என்று அமுக்கினால், மறுநாள் யாராவது கூப்பிடும்போது எந்த இடத்தைத் தொட்டு எடுப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அது ஒரு பலகையாக வந்தது. ‘சாலை மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது.’ பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டார்கள். இதற்கு முன்பும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் ரோடு ஏறும், என் வீடு இறங்கும். கல்யாணமான புதிதில் படியேறி வீட்டுக்குள் போனவன், இப்போது குதித்து இறங்குகிறேன்.

எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். நான் தறியில் உட்கார்ந்தால் காலோடு வாயும் ஓடும். வாயால் நெய்ததையெல்லாம் விரித்தால் வந்தவாசி வரைக்கும் பந்தல் போடலாம் என்பாள் என் மனைவி. அதனால் முக்கியமான புடவைக்கு அவள்தான் உட்காருவாள்.

அப்போது தறியில் இருந்தது எங்கள் மகளின் முகூர்த்தப் புடவை. பாக்கு நிறம், மஞ்சள் கரை. “கடைப் புடவை வாணாம், நம்ம தறியில நெய்ஞ்சதைத்தான் கட்டுவேன்” என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் கல்யாணம். பாதி நெய்தபோது மழை வந்தது.

குழி நிரம்பிவிட்டது. ஈரத்தில் தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் தொய்ந்துபோய், மிதி சேற்றில் புதைந்து கிடந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோடு போடும் சூப்பர்வைசரிடம் போனேன்.

“ரோட்டு மேல தண்ணி நிக்கக் கூடாது சார். அதான் மேடாக்கினோம்” என்றார்.

“ரோட்டு மேல நிக்கலப்பா. என் தறியில நிக்குது.”

“நீங்களும் வூட்டைக் கொஞ்சம் மேம்படுத்திக்குங்க சார்.”

“நான் வூட்டை ஏத்துறதுக்குள்ள நீ திரும்ப வந்து ரோட்டை ஏத்துவ. ரெண்டு பேரும் ஏத்திகினே போனா எங்கப்பா போய் நிக்கிறது, திருவண்ணாமலை மலை உச்சியிலயா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம்.

குழியை இறைத்து, பாவு நூலையும் காயவைத்தோம்; மனைவி மறுபடியும் நெய்ய உட்கார்ந்தாள். பிறகு ரோட்டோரம் மிச்சம் கிடந்த ஜல்லியைச் சாக்கில் கட்டி வாசலுக்குக் குறுக்கே கரை போட்டேன். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அணை கட்டிய ராஜா மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு தூங்கப் போனேன்.

காலையில் பக்கத்து வீட்டு நெசவாளி வந்து நின்றார்.

“அண்ணே, உங்க வூட்டுக்கு வர வேண்டிய தண்ணி வழி தப்பி என் வூட்டுக்கு வந்துகீது. ஜல்தியா வந்து இட்டுகினு போங்க.”

போய்ப் பார்த்தேன். அவர் தறிக்குழி கழுத்துவரை நிரம்பியிருந்தது. சூப்பர்வைசர் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன், அதுவும் பலகைகூட வைக்காமல். யார் மேல் கோபப்படுவது என்று ஒரு நிமிடம் குழம்பி, மறுபடியும் ரோட்டின் மேலேயே கோபப்பட்டேன்.

கரையைப் பிரித்தேன். கால்வாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இருவரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக, பட்டப்பகலில், புது ரோட்டைக் குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு வெட்டினோம். தேங்கி நின்ற தண்ணீர் சலசலவென்று கால்வாய்க்குப் போனது. சூப்பர்வைசர் பைக்கில் பறந்து வந்தார்.

“கவர்மென்ட் ரோட்டை வெட்றீங்களா? கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்!”

உள்ளே தறியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “இன்னாங்க சத்தம்?”

“கேஸ் போடுறாராம்.”

“முந்தானை மட்டும் பாக்கி. பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் வந்து உங்களை இட்டுகினு போவச் சொல்லுங்க.”

அதையே கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். கூடவே, கல்யாணத்துக்கும் வரச் சொன்னேன்.