என் சின்ன காருக்கு அலாய் வீல்

என் பழைய சின்ன கார் ஓட்டத்தில் ஒரு குறையும் வைத்ததில்லை. தாராவியிலிருந்து ஐரோலி ஆபீசுக்குத் தினமும் போய் வந்தது. பார்வைக்குத்தான் பாவமாக இருந்தது. இரும்புச் சக்கரங்களை மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. அலாய் வீல் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, அண்ணனையும் கூட்டிக்கொண்டு குர்லாவில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வண்டிக்காரியான என்னை விட்டுவிட்டு அண்ணனிடமே இந்தியில் பேசினார். பளபளவென்று ஒரு பெரிய கறுப்பு வீலை உருட்டிக்கொண்டு வந்தார். அண்ணனுக்குக் கண் விரிந்துவிட்டது.

“இதப் போட்டா வண்டி கெத்தா இருக்கும்ட்டி,” என்றான்.

“இதுக்கு டயரும் புதுசா வாங்கணும்ண்ணே. இவ்வளவு பெரிய வீலுக்கு மெல்லிசு டயர்தான் ஏறும், அது மழைக்காலத்துப் பள்ளத்துல தாங்காது.”

என் பழைய டயரின் அளவிலேயே வீல் காட்டும்படி நான் இந்தியில் கேட்டதும் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். சாம்பல் நிறத்தில் ஐந்தே ஆரக்கால்கள் கொண்ட ஒன்றை வண்டியோரம் சாய்த்துவைக்கச் சொல்லி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். என் வெள்ளை வண்டிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. போல்ட் துளைகள் சரியாக உட்காருகின்றனவா என்று மாட்டிக் காட்டவும் சொன்னேன். பிறகு அதே மாதிரி நான்கு வீல்களில் பழைய டயர்களையே ஏற்றி மாட்டிக் கொடுத்தார்கள்.

அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“ஞாயித்துக்கெழம மச்சான் வீட்டு விசேஷத்துக்கு இதக் கொஞ்சம் தாயேன்.”

“நானே ஓட்டிட்டு வாரேன். நீ பக்கத்துல உக்காந்து வா,” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.