குளத்துக்குப் பக்கத்து இடம்

சுண்ணாம்புப் பொடியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கோடு போட்டுக்கொண்டு வந்தார் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். நீச்சல் குளத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிக் காலியாகக் கிடந்த மண் தரை அது. உடைந்த ஓடுகளும் முள்செடிகளுமாக இருந்த அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் எத்தனை கார் நிறுத்தலாம் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடை மாற்றும் அறை வாசலில் ஈரத் துண்டோடு நான் நின்றிருந்தேன். தெருவில் ‘மீன், மீன்’ என்று கூவிக்கொண்டு போன அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வந்தே விட்டார். தலையில் இருந்த அலுமினியக் கூடையை இறக்கி, சரியாக அந்தக் கோடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, “இன்னா சார், கபடி ஆடப் போறியா?” என்றார். செயலாளர் நிமிரவில்லை. “கார் நிறுத்தறதுக்கும்மா” என்றார். அக்கா கூடையை எடுக்கவில்லை. செயலாளர் அந்தக் கூடையைச் சுற்றிக் கோட்டை வளைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். திருவொற்றியூரில், விம்கோ நகரை ஒட்டிய இந்தப் பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருக்கிறேன். சின்னப் பிள்ளைகளிலிருந்து பென்ஷன்காரர்கள் வரை எல்லோருக்கும் நான் ‘மிஸ்’தான். குளம் திறந்த நாளிலிருந்தே அதில் ஒரு குறை இருந்தது. ஆழம் குறைந்த பக்கத்திலும் தண்ணீர் பெரியவர்களுக்கு நெஞ்சளவு நிற்கும். கால் தரையில் படாத பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்க முடியும்? பக்கத்துக் காலி இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரோடு ஒரு குட்டிக் குளம் கட்டுவதாகத்தான் முதலில் பேச்சு இருந்தது. ஆனால் அதற்குள் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நீந்த வருகிறவர்கள் காரில் வந்தார்கள். குளத்துத் தெருவோ மிகக் குறுகலானது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றால் நடுவில் ஒரு ஆட்டோ நுழைவதே பெரும்பாடு. தெரு முனையைத் தாண்டினால் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக, நகராத சுவர் போல நின்றுகொண்டிருக்கும். ஆகவே அந்த ஒரு துண்டு நிலத்துக்கு இரண்டு கட்சி உண்டாயிற்று. பிள்ளைகளுக்குக் குளமா, கார்களுக்கு இடமா?

கார் கட்சிக்குத் தலைமை அந்தச் செயலாளர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்டுத் தேய்த்த அரைக்கைச் சட்டை, பையில் சொருகிய பேனா, யாரிடமும் உயராத குரல். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு அவர் மனு கொண்டு போகாத வாரம் கிடையாது. குட்டிக் குளத்துக்காக நான் ஆசைப்பட்டுக் காத்திருந்ததால் அந்த நாட்களில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். அக்கா எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துக்காரர். காலையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மீன் விற்று முடித்துவிட்டு, குளத்துச் சுவரோரம் கொஞ்ச நேரம் உட்காருவார். உட்கார்ந்தபடி கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பார். நிழலுக்காக உட்காருகிறார் என்று நினைத்திருந்தேன்.

குளத்துக்கு விடுமுறை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. மாநகராட்சிப் பொறியாளர் மேசைமேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டில்களை அதன்மேல் வைத்திருந்தார். கடற்காற்று அன்று பலமாக இருந்தது. அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு இளைஞர்தான் முதலில் எழுந்தார். “குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றோம் சார். காரை எங்க விடறது? மெயின் ரோட்டுல விட்டா லாரிக்காரன் உரசிட்டுப் போயிடறான்.” அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எழுந்து, கால் ஊன்ற முடியாத தண்ணீரில் பிள்ளைகளை இறக்க எனக்கே பயமாக இருக்கிறது என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இது எண்ணூர் ரோடு மிஸ். மீனவப் பசங்களுக்கா நீச்சல் தெரியாது?”

“எம் புள்ளைக்குத் தெரியாது” என்று ஒரு குரல் கேட்டது.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கியபடியே நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். “சின்னதுல இருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு. ஈரம் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. போட்ல ஏத்தல, கடல்ல எறக்கல. தண்ணிய வுட்டுத் தள்ளியே வச்சிக்கினு வளத்தேன். ஒரு நாளு பசங்களோட எறா புடிக்கறேன்னு முகத்துவாரத்துல எறங்கிட்டான். மூணாங் கிளாஸ் படிச்சிக்கினு இருந்தான்.” அவர் அழவில்லை. மீன் விலை சொல்லும் அதே குரலில்தான் பேசினார். “தெனம் இங்க குந்திக்கினு பாக்கறேன். இங்க தண்ணிக்கு அடி தெரியுது. அடி தெரியற தண்ணில நாலு புள்ளைங்க நின்னு பழகட்டும்னு கேக்கறேன். வேற இன்னா கேட்டேன் நானு?”

சிரித்தவர் தலை குனிந்துகொண்டார். அதோடு முடிந்தது, குட்டிக் குளம் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் செயலாளர் எழுந்தார். “உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா கார் நிறுத்த இடம் வேணும்” என்றார். கல்நெஞ்சன் என்று மனத்துக்குள் திட்டினேன். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உனுக்குத்தான் காரே இல்லியே சார்! சைக்கிள்ல வர, சைக்கிள்ல போற. உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?”

செயலாளர் உட்கார்ந்து, பொறியாளரைப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், அக்காவிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார். “என் வீட்டுக்காரிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நெஞ்சு வலி வந்துச்சும்மா. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணேன். சத்தம் கேட்டுது. ரொம்பக் கிட்டக்க கேட்டுது. மொட்டை மாடிக்கு ஓடிப் பார்த்தா, மெயின் ரோட்டுல லாரிங்க நடுவுல அந்த லைட்டு சுத்திட்டே இருக்கு, வண்டி நகரல. கீழ இறங்கி வந்தேன். வந்துடுச்சான்னு கேட்டா. வந்துடுச்சு, வாசல்ல நிக்குதுன்னு சொன்னேன். சத்தம் கேட்டுட்டே இருந்ததால நம்பினா.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கன்டெய்னர் பெட்டிங்களை எல்லாம் சர்வீஸ் முழுக்கத் தூக்கி வெச்சவன் நான். அந்த ரோட்டை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காருங்க உள்ள போயி, இந்தத் தெருவுலயாவது வழி இருக்கட்டும். இங்க தண்ணியில ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆனா, வண்டி உள்ள வரணும்.”

பாட்டில்களுக்கு அடியில் வரைபடத்தின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு சின்னக் கட்டத்தைத்தான் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தைக் கேட்டு, அக்காவுக்கும் செயலாளருக்கும் பின்னால், இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டு பேருமே உயிரோடு இல்லை. இப்போது நினைத்தாலும், அன்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்கள் இருவரும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறார்கள், நான் ஒரு நாளும் பார்த்திராத அந்த அம்மாளும் அந்தப் பையனும்.

பொறியாளர் கை தூக்கச் சொன்னார். கார் வைத்திருந்தவர்கள் கூட்டத்தில் அதிகம். கார்களுக்கே இடம் என்று முடிவாயிற்று. செயலாளருடைய மனைவிக்காக யாரும் கை தூக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். செயலாளரைக் கடக்கும்போது நின்று, “அவங்களுக்கு இன்னா வயசு சார்?” என்று கேட்டார். செயலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. “பாவம்” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

மண் தரைக்குச் சிமென்ட் போட்டார்கள், மஞ்சள் கோடு போட்டார்கள். திறந்த சில நாட்களிலேயே அடுக்குமாடிக்காரர்கள் தங்கள் இரண்டாவது காரைக் கொண்டுவந்து அங்கே நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். நீந்த வருகிறவர்களின் கார்கள் பழையபடி தெருவிலேயே நின்றன. செயலாளர் தினமும் சைக்கிளில் வந்து தெருவில் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். “கொஞ்சம் தள்ளிப் போடுங்க தம்பி. வழி விடுங்க.” பிள்ளைகள் அவருக்கு ‘வழிவிடு சார்’ என்று பெயர் வைத்தார்கள். நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார். ஓடிப்போய்க் குளத்துக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அது எங்களுக்கான வண்டி இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? சத்தம் எங்கோ ஆஸ்பத்திரிப் பக்கம் போய்த் தேய்ந்து மறையும்வரை அப்படியே நிற்பார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அக்கா முதலில் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். ஒரு நாள் எழுந்துபோய் மற்றொரு பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். ஆளுக்கொரு கதவு. தண்ணீருக்குள்ளிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குளிரெடுக்கும்.

ஒரு மத்தியானம் கல்லூரிப் பெண் ஒருத்தி ஈரப் படியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு மயங்கிவிட்டாள். நான் போன் செய்தேன். செயலாளர் தெருவில் இறங்கிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். கத்தியும் கார்களைத் தட்டியும் தெருவைக் காலி செய்துவிட்டார். வண்டி தடையில்லாமல் உள்ளே வந்து கரையோரம் நின்றது. அதற்குள் அந்தப் பெண் கண் விழித்திருந்தாள். தையல் போட வேண்டியிருக்கும், வேறு பயமில்லை என்றார்கள். அவளை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகும் செயலாளர் அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துடுச்சு மிஸ்” என்றார். “நெஜமாவே வந்துடுச்சு.” சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

“வந்துச்சு சார், உன் வண்டி வந்துச்சு” என்றார் அக்கா. பிறகு கோபம் எதுவும் இல்லாமல் கேட்டார். “எங்க புள்ளைங்க தண்ணி எப்போ வரும்?”

அடுத்த சங்கக் கூட்டத்தில், கார் நிறுத்தும் இடத்தில் பாதியை எடுத்துக் குட்டிக் குளம் கட்ட வேண்டும் என்று செயலாளரே தீர்மானம் கொண்டுவந்தார். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்களாம். பிறகு சத்தம் போட்டார்கள். இடத்தை வாங்கிக் கொடுத்தவரே பிடுங்கப் பார்க்கிறார் என்றார்கள். கடைசியில் வேறு ஒருவரைச் செயலாளராக்கிவிட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் அவர் செயலாளராகவே இருந்தார். தனி ஆளாக மனு கொண்டு போனார். பார்க்கலாம் என்ற பதிலோடு சைக்கிளில் திரும்பி வந்தார். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். யாரும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவரை எடுத்துப்போன அன்று துறைமுகத்தில் என்ன காரணமோ, நெடுஞ்சாலையில் ஒரு லாரிகூட இல்லை. வெறிச்சோடிக் கிடந்தது சாலை. “ரோடு எப்டி கீது பாரு மிஸ் இன்னிக்கு” என்றார் அக்கா.

குட்டிக் குளம் இன்னும் வரவில்லை. இனி வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் பெண்களுக்கான மதிய நேரத்தில் அக்கா கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். “எனுக்குக் கத்துக் குடு மிஸ்” என்றார். வாழ்நாள் முழுக்கக் கடலோரத்தில் இருந்தும் இடுப்புக்குமேல் தண்ணீரில் இறங்கியதில்லையாம். என்னிடமிருந்த பழைய பேன்ட்டும் சட்டையும் கொடுத்தேன். ஏணியில் ஒவ்வொரு படியாக, அடியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சை அடக்கி முகத்தை மட்டும் உள்ளே வைத்து எடுங்கள் என்றேன்; புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் அதுதான். காதும் மூழ்கும்படி அமிழ்ந்தார். ஒரு நொடியில் பதறி எழுந்துவிடுவார் என்று பார்த்தால் எழவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. “அக்கா, அக்கா” என்று கத்தி, தோளைத் தொட்டேன்.

நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். “நீ இன்னாவோ சொன்னியா?”

“கூப்பிட்டேன் அக்கா. சத்தமாத்தான் கூப்பிட்டேன்.”

“கேக்கலியே மிஸ். உள்ள ஒண்ணுமே கேக்கல.” கம்பியை விடாமல் தண்ணீரைப் பார்த்தார். “அன்னிக்கு ஓடியாந்து கரையில நின்னுக்கினு அவன் பேரச் சொல்லிக் கத்தினே இருந்தேன். அம்மா வந்துட்சின்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், பயப்படாம போயிருப்பான்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்.”

குளத்தில் வேறு யாரும் இல்லை. அக்கா மறுபடியும் மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். அவர் முதுகின்மேல் கையை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். இந்த முறை கூப்பிடவில்லை.