கம்பனிக்குத் துவக்குப் பார்த்த கதை

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் இருந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் எல்லாருக்கும் மனப்பாடம். பஸ்ஸில் பையை சீற்றுக்குக் கீழே வைக்கக்கூடாது. பெரிய கட்டடங்களை அண்ணாந்து பார்க்கக்கூடாது. ரோர்ச் பற்றரி நாலுக்கு மேல் ஒரே கடையில் வாங்கக்கூடாது. ரைபிள் தெரிவுசெய்யக்கூடாது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த அளவுக்கு விசர் பிடித்த ஒருவன் இருப்பான் என்று சனம் நினைத்திருக்காது. இருந்தான். கோட்டையில் ஒரு தனியார் கம்பனியில் தலைமை எழுதுவினைஞனாக வேலை செய்துகொண்டிருந்தான்.

கம்பனிகளுக்கிடையே வருடாவருடம் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். பொயின்ட் டூ டூ என்கிற சின்ன ரவை போடும் ரைபிள், ஐம்பது மீற்றர், நெஞ்சு நிலத்தில் படக் கிடந்து சுடவேண்டும். எங்கள் கம்பனி ஒவ்வொரு வருடமும் தவறாமல் கடைசி இடத்தைப் பெற்று வந்தது. இரவல் துவக்கால்தான் தோற்கிறோம் என்று எங்கள் விளையாட்டுக் கழகச் செயலாளர் கண்டுபிடித்தார். அவர் நல்ல சிங்கள மனுசன், என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர், துவக்கின் எந்தப் பக்கம் தோளில் வைப்பது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். கம்பனிக்குச் சொந்தமாக ஒன்று வாங்க நிருவாகம் சம்மதித்தது. மலிவாகவும் இருக்க வேண்டும், குறியும் தப்பக்கூடாது. உலகத்தில் யாருமே கேட்டிராத புதுக் கோரிக்கை!

அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "பள்ளிக்கூடத்திலை கடேற் படையிலை இருந்தனான். இதே சைஸ் துவக்காலைதான் கோப்பை எடுத்தனான்" என்று பெருமையடித்தேன். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்களமும் இங்கிலிஷும் கலந்துதான் அவர் பேச்சு. அதைத் தமிழில் தருகிறேன். "மச்சான், நீதான் தெரிவுசெய்கிறாய். நீதான் ரீமிலும் சுடுகிறாய்."

ஒளிப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு ஆசை வந்துவிட்டது. துவக்கைத் தொட்டு இருபத்துநாலு வருடம். அந்தக் கந்தோரின் அறிவித்தல் பலகையில் என் பெயர் லீவு எடுத்தவர்களின் பட்டியலில் மட்டும்தான் வந்திருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் என் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் வெட்கமில்லாமல் ஆசைப்படுவதற்கு அதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

துவக்குக் கடைகள் கொடுத்த விலைப்பட்டியல்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பியாசக் கொப்பி ஒன்றில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். காசு குழலுக்குப் போயிருக்கிறதா, மரப்பிடியின் பளபளப்புக்குப் போயிருக்கிறதா என்பது முதல் கேள்வி. விசையை இழுத்தால் அது தயங்காமல் விடுபட வேண்டும். போட்டிக்கு ஒவ்வொரு ரவையாகப் போட்டு போல்ட் என்கிற பூட்டுத் தண்டைத் தள்ளிப் பூட்டுகிற துவக்கே போதும். பத்து ரவை கொள்ளும் பெட்டிக்கு வீண் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரே பெட்டி ரவையில் ஐந்தைச் சுட்டு, ஐந்து துளைகளும் எவ்வளவு கிட்டக் கிட்ட விழுகின்றன என்று பார்த்தால்தான் துவக்கின் குணம் தெரியும். இதையெல்லாம் நல்ல தமிழில், தலைப்புக்குக் கீழே கோடும் போட்டு எழுதினேன். இங்கிலிஷில் எழுதியிருந்தால் அது கம்பனி வேலை. தமிழில் எழுதியதால் அது வேறு ஏதோ ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

என் மனைவிக்கு உறைத்தது. அந்தக் கிழமை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் வழக்கம்போலப் புகை கிளம்பியது. சுற்றிவளைப்பு வரப்போகிறது என்றால் வெள்ளவத்தையில் ஒவ்வொரு குசினியிலும் கடதாசி எரியும். பழைய சஞ்சிகை, வெளிநாட்டுத் தம்பியின் கடிதம், பிள்ளையின் புவியியல் கொப்பியில் கிடந்த இலங்கைப் படம், எல்லாம் போகும். நான் கந்தோரால் வரும்போது மனைவி என் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"கந்தோர் வேலை."

"கந்தோர் வேலையோ? ‘ஐம்பது மீற்றரில் தப்பாமல் படவேண்டும்' எண்டு எழுதியிருக்கு. ஆரிலை படவேணும்?"

"இலக்கு அட்டையிலை!"

"அதை ஆமிக்காரனுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ, நான் தேத்தண்ணி போட்டுத் தாறன். பொலிஸ் பதிவிலை, கொழும்பிலை தங்கியிருக்கிற காரணம் எண்ட இடத்திலை என்ன எழுதினனீங்கள்? தொழில் எண்டுதானே? துவக்குப் பாக்க வந்தனான் எண்டு எழுதேல்லையே? வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ளை விட்ட ஆள் நீங்கள்."

கொப்பி பாத்திரம் கழுவும் சிங்கிலே வைத்து எரிக்கப்பட்டது. பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டி, "என்ன பிள்ளை மணக்குது?" என்று கேட்டா. "கடலை கருகிப் போச்சு அன்ரி" என்றாள் மனைவி. "ஓம், எங்கட வீட்டிலையும் கடலைதான்" என்று அவவும் சொல்லிவிட்டுப் போனா. மறுநாள் காலை ஐந்து பொலிஸ்காரர் வந்து அலுமாரியைக் கிளறி, கட்டிலைத் தூக்கிப் பார்த்து, கடைசியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் குறிப்பு எதுவும் எழுதவில்லை. எல்லாவற்றையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று கடைக்குப் புதிதாக வந்தது. கண்ணாடிபோல மெருகிட்ட மரப்பிடிக் கட்டை, ரவைப் பெட்டி, மேலே ஒரு தொலைநோக்கி. மற்றது, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை விற்கக் கொடுத்திருந்த பழசு. கட்டை முழுக்கக் கீறல், ஒவ்வொரு ரவையாகத்தான் போடலாம், விலை புதியதில் மூன்றிலொன்று. செயலாளர் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் அடையாள அட்டையைப் பார்த்த முதலாளி மிகவும் மரியாதையாகக் கதைத்துக்கொண்டே காவலாளிக்குக் கண் காட்ட, அவன் வந்து என் முதுகோடு ஒட்டி நின்றான். பழசின் போல்ட்டைக் கழற்றி, பின்வாயில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, முன்வாயால் உள்ளே பார்த்தேன். குழலுக்குள் சுழன்று போகும் வரிகள் வெள்ளி அரைஞாண்போல மினுங்கின. வாயின் ஓரத்தில் ஒரு சின்னக் காயம்கூட இல்லை. விசை தொட்டதும் தயங்காமல் விடுபட்டது. புதியதன் விசையை இழுத்தால் தேங்காய் துருவுவதுபோலக் கரகரத்தது.

"துரை இதை நல்லாப் பாத்திருக்கிறார்" என்றேன்.

"தேயிலைக்காரரை அப்படிப் பார்த்திருப்பாரோ தெரியாது" என்றார் செயலாளர். எனக்கு அந்த மனுசனை அந்த நேரம் நல்லாய்ப் பிடித்தது.

கழகக் குழுவுக்குப் புதியதுதான் வேண்டுமாம். கீறல் விழுந்த கட்டையோடு டிரெக்டர்மார் படமெடுக்க முடியாதாம். "படமெடுக்கத்தான் துவக்கெண்டால் மரத்திலை ஒண்டு செய்விச்சுத் தாறன், இன்னும் மலிவு" என்றேன். கடைசியில் இரண்டையும் சுட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வத்தளைக்கு அப்பால் இருந்த சுடுதிடலில் செயலாளர் மணல்மூட்டையில் துவக்கை வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து ரவை சுட்டார். அனுமதி இல்லாத நான் பத்தடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மூச்சை எப்போது விடுவது என்று சொன்னேன். புதியதன் துளைகளை மூட ஒரு தேத்தண்ணிச் சோசர் வேண்டியிருந்தது. பழசின் துளைகளை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி மூடிவிட்டது. அதுவும் அவர் கையால்! குழு வாயைப் பொத்திக்கொண்டு பழசை வாங்கியது.

பிறகு அதைச் சுடப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அனுமதிக்குப் போனது. ஆறு பெயர். ஐந்து பெயர் பத்து நாளில் திரும்பி வந்தது. என் பெயருக்கு மேலதிக விசாரணை. செயலாளர் என்னைத் தனியே விடாமல் கூடவே வந்தார். விசாரித்த அதிகாரி நல்ல மரியாதையான ஆள்.

"நீங்கள் ஏன் சுடப் பழக வேண்டும்?" என்று கேட்டார்.

"பழகத் தேவையில்லை சேர், ஏற்கெனவே தெரியும்" என்றேன்.

அவர் பேனையை எடுத்தார். "எங்கே பழகினீர்கள்?"

"யாழ்ப்பாணத்தில் சேர்."

செயலாளர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்த மிதியில் பெருவிரல் நகம் கறுத்துப்போனது. அரசாங்கத்தின் கடேற் படை, அரசாங்கம் தந்த தொப்பி, அரசாங்கத்தின் ரவை, அப்போது யுத்தமே இல்லை என்றெல்லாம் அவர் அரை மணித்தியாலம் எனக்காக வாதாடினார். நான் மூன்று தரம் போனேன். பாட்டன் பிறந்த ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த பஸ் வரை சொன்னேன். நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது. மூன்று கையொப்பம், இரண்டு முத்திரை. ஓர் அதிகாரியின் முன்னிலையில் மட்டும் சுடலாம். அந்தக் கடிதத்தின் பிரதியை சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை சுடுதிடலுக்குப் போனேன். மனைவி, "கவனம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். அவள் அவ்வளவு குறைவாகக் கதைத்த நாள் வேறு எனக்கு நினைவில்லை.

நிலத்தில் கிடந்தேன். தொப்பை வண்டி நிலத்தில் இடித்தது, கடேற் காலத்தில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. கட்டையின் கீறல்களில் கன்னத்தை வைத்தேன். ஒவ்வொரு ரவையாக வைத்து, போல்ட்டைத் தள்ளிப் பூட்டி, பாதி மூச்சை விட்டு, ஐந்து தரம் சுட்டேன். செயலாளர் அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தார். நடுவில் ஐந்தும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே துளையாகக் கிடந்தன. அதை ஒரு சதக் குற்றி ஒன்றால் மூடலாம். முன்னிலையில் இருந்த அதிகாரிகூட எழுந்து வந்து பார்த்தார்.

"மச்சான், திங்கட்கிழமை இதைத்தான் பலகையில் குத்துகிறேன். பெயரை எழுது" என்றார் செயலாளர். அட்டையின் கீழே பெயருக்கு ஒரு கோடு இருந்தது. அவருடைய பேனை எழுதவில்லை. வீட்டில் நல்ல பேனையால் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அட்டையை மடிக்காமல் பையில் வைத்தேன். மனைவிக்கும் காட்ட வேண்டுமே! சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வத்தளையில் பஸ் ஏறி, சீற்றில் இருந்து, இரண்டு தரம் வெளியே எடுத்துப் பார்த்தேன்.

ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொன்னவன் கொழும்பில் இருந்திருக்க மாட்டான். நரைத்த மீசைக்கார ஆமிக்காரர் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், பைக்குள் கையை விட்டார், இலக்கு அட்டையை வெளியே எடுத்தார்.

"மொகத மே?" இது என்ன என்று கேட்டார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். துளைக்குள்ளால் வெளிச்சம் வந்தது. "கவுத வெடி திப்பே?"

யார் சுட்டது என்று கேட்கிறார். உள்பையில் கடிதம் இருந்தது. மூன்று கையொப்பம், இரண்டு முத்திரை. அதை எடுத்துக் கொடுத்து, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சனமெல்லாம் என்னைப் பார்த்தது.

"எங்கள் கந்தோர்ப் பெரியவர் சேர், எங்கள் மாத்தயா. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவ்வளவுதான்" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக, தடங்கலில்லாமல், நல்ல சிங்களத்தில் வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுண்டுவிரல் நுனியால் துளையின் ஓரத்தைத் தடவினார். தன் பக்கத்து ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அட்டையின் கீழே பார்த்துத் தலையை ஆட்டினார். "பெயர் இல்லையே. அடுத்த சாவடியில் உன்னைப் பிடித்து வைத்துவிடுவார்கள். மாத்தயாவின் பெயர் என்ன?"

செயலாளரின் பெயரைச் சொன்னேன். அந்த மனுசன் எனக்கு உதவிதான் செய்துகொண்டிருந்தார். அட்டையைத் துடையில் வைத்து, நெற்றியைச் சுருக்கி, அந்தக் கோட்டின் மேல் வட்டம் வட்டமான சிங்கள எழுத்தில் ஆறுதலாக எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டுத் தந்தார்.

"மாத்தயாவிடம் சொல்லு, இப்படிச் சுடுகிறவரை நான் கண்டதில்லை என்று."

"சொல்கிறேன் சேர்" என்றேன்.