தேன் லைன் ஓடிய வெள்ளிக்கிழமை

தேன் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் மட்டக்களப்பைத் தேன்நாடு என்று ஊரே பெருமைப்படுகிறது, படட்டும். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலாக, அந்தத் தேனுக்குள் கை, கால், தலைமயிர், செருப்பு என்று ஒட்டிக் கிடந்தவன் நான்தான்.

கட்டாரில் பேரீச்சம்பழப் பாணியை, அதுதான் பாகை, போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையில் ஆறு வருடமாக நான் லைன் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு தருவார்கள். அந்த முறை மாரி காலத்தில் வந்திருந்தேன். வந்து மூன்றாம் நாள், ஒரு சட்டி தயிரும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக மாமி வந்து இறங்கினா. என் மனைவியின் தகப்பனுடைய தங்கச்சி அவ. எங்கள் வாவிக்கரை ஊரின் மாதர் சங்கத் தலைவி. என் மனைவியும் அந்தச் சங்கத்தில்தான் வேலை செய்கிறாள்.

சங்கம் வாகரைப் பக்கத்துக் காட்டுத் தேனை வாங்கிப் போத்தலில் அடைத்து விற்கிறது. அகப்பையால் அள்ளி, புனல் வைத்து ஊற்றினால் போத்தலுக்கு வெளியேதான் பாதி. பாசிக்குடா ஹோட்டல் ஒன்று, போத்தல் பிசுபிசுக்கிறது என்று ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பியிருந்தது. அதைக் கேள்விப்பட்டு ஏதோ ஒரு உதவித் திட்டம் மெசின் ஒன்றைக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாகங்களைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க ஆளில்லை. மெசின் மூன்று மரப்பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தது. கூட வந்த புத்தகம் சீன மொழியில்.

“மருமகன், உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அங்க மலை மாதிரி மெசினெல்லாம் ஓட்டுறீங்களாம். இது சின்னப் பொட்டிதானே” என்றா மாமி.

“ஒரு கிழமை தாங்க மாமி, ஓட விட்டுத் தாறன்.”

சொன்னது என் வாய்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. சனியன் பிடித்த வாய்.

மெசினைப் பூட்டுவது பெரிய காரியமில்லை. மேலே தேன் ஊற்றும் தொட்டி, கீழே தேனை இழுத்துத் தள்ளும் பிஸ்டன், அதிலிருந்து போத்தலுக்குள் இறங்கும் மூக்கு, போத்தல்களைக் கொண்டுவரும் பெல்ட், கடைசியில் மூடி இறுக்கும் தலை. இந்த வரிசை முழுவதற்கும் பேர்தான் லைன். நான்கு நாளில் நிமிர்த்திவிட்டேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அழகாக ஓடியது. பெண்கள் கை தட்டினார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் தேன் ஊற்றினோம். மெசின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

மாரிக் குளிரில் தேன் இறுகியிருந்தது. பிஸ்டன் இழுத்தால் தேனோடு காற்றும் வந்தது. போத்தலுக்குள் பாதி நுரை. மூக்கு மூடிய பிறகும் தேன் நூலாக இழுபட்டு அடுத்த போத்தலின் கழுத்தில் விழுந்தது. கழுத்தில் தேன் பட்டால் மூடி வழுக்கும், லேபிள் ஒட்டாது, எறும்பு வரும். கட்டாரில் இதற்கு வைத்தியம் சுலபம்: பாணியைச் சுற்றிச் சூடேற்றும் பட்டி கட்டிவிடுவோம். நானும் ஒரு பட்டி வாங்கித் தொட்டியைச் சுற்றிக் கட்டி, பிளக்கைச் செருகினேன். அவ்வளவுதான். இரண்டு பெண்கள் பாய்ந்து வந்து தேன் பீப்பாய்களை வெளியே உருட்டிவிட்டார்கள்.

“தேனைச் சூடாக்கினா நஞ்சு மருமகன்! உங்களுக்குத் தெரியாதா?”

“இது அடுப்பில்ல மாமி. உடம்புச் சூடுதான்.”

“கரண்டுச் சூடும் சூடுதான். நாங்க நஞ்சை வித்துப் பாவம் தேடேலாது.”

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். வெயில் சூட்டுக்குப் பாவமில்லையாம், தேன்கூடே வெயிலில்தான் இருக்கிறதாம். ஆகவே காலையில் பீப்பாய்களைத் தகரத்தின் மேல் வெயிலில் வைப்பது, மதியத்தில் உள்ளே கொண்டுவந்து அடைப்பது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாரியில் வெயில் எங்கே? மூன்று நாள் மழை, ஒரு நாள் வெயில். வெயில் வந்த நாளில் தேன் மணத்துக்கு ஊரிலுள்ள தேனீ, குளவி எல்லாம் வந்தது. அதனால் கதவைச் சாத்தி, சன்னலுக்கு வலை அடித்து, காற்றாடியையும் நிறுத்திவிட்டு, ஏழு பெண்களும் நானும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். கதவைத் திறக்க விடமாட்டார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்கக் கை தேன். வலையில் தேனீக்கள் கருமையாக அப்பிக்கிடக்கும். மூச்சு முட்டும். இரண்டு மணித்தியாலம் நின்றால் சுவர்கள் கிட்ட வருவது மாதிரி இருக்கும்.

வெளியே வந்தாலும் விடுதலை இல்லை. கடைக்குப் போனால், “என்ன தம்பி, மெசின் ஓடிட்டா?” கோயிலுக்குப் போனால் அதே கேள்வி. முடி வெட்டப் போனால் கண்ணாடிக்குள்ளிருந்து அதே கேள்வி. லீவு ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது. சொன்ன திகதிக்குப் போய்ச் சேராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் போடுவோம் என்று கம்பெனிக்காரன் ஏற்கெனவே செய்தி அனுப்பிவிட்டான்.

மூன்றாம் கிழமை ஒரு நாள், மூடி இறுக்குகிறவ, வாய்க்காரி, சிரித்துக்கொண்டு சொன்னா: “இவர் இன்னும் ரெண்டு கிழமைல கட்டாருக்கு ஓடிருவார். நாம பழையபடி அகப்பையும் கையுந்தான்.”

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த ஸ்பனரைத் தரையில் போட்டேன்.

“கண்ணகை அம்மனாணை, இந்த லைன் ஓடாம நான் ஊரை விட்டுப் போக மாட்டன்! போதுமா?”

எங்கள் ஊரில் அம்மனாணை, அம்மன் பேரில் செய்கிற சத்தியம், விளையாட்டுக்கு இடுகிற காரியமில்லை. மாமி உடனே கையெடுத்துக் கும்பிட்டா. என் மனைவி மூலையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஏன் இப்படி வாயைக் கொடுத்தான் மனுசன் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. காத்தான்குடிக்குப் போய் ஒரு கடையில் துருப்பிடிக்காத குழாய் வாங்கி, மூக்கை நீளமாக்கினேன். போத்தலின் அடிவரை இறங்கி, தேன் ஏற ஏறத் தானும் ஏறுகிற மூக்கு. நுரை நின்றது. மூக்கின் வாயில் நூலை வெட்டுகிற சின்ன மூடியொன்று வைத்தேன். கழுத்து சுத்தமாயிற்று. இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரியிடம் பெருமை அடிப்பேன். அவள் கேட்டுக்கொண்டே மீன் குழம்பை ஊற்றுவாள்.

“பெல்ட்டுக்குப் பக்கத்தில பொத்தான் அளவில ஒரு கண் இருக்கே, அதுதான் எல்லாத்துக்கும் மூளை” என்று ஒரு நாள் சொன்னேன். “போத்தல் வந்தாக் கண் காணும். பெல்ட் நிக்கும், தேன் இறங்கும். நிறைஞ்சதும் அடுத்த போத்தலைக் காணும் வரைக்கும் பெல்ட் ஓடும்.”

“அந்தக் கண்ணை மறைச்சா?”

“மறைச்சாப் போத்தல் நிக்குது எண்டே நினைச்சுக்கொண்டு கிடக்கும். விடிய விடிய நிண்டாலும் அசையாது.”

அவள் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அன்று இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டும். மழை விட்டு நல்ல வெயில். முழு லைனையும் தேனோடு தொடர்ந்து ஓட்டிக் காட்டுவது அன்றுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமைகளில் வேலை தொடங்க முன் மெசினுக்கு விளக்கு வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு கிழமையும் ஒருத்தியின் முறை. அன்றைக்கு என் மனைவியின் முறை. விடியும் முன்னமே குளித்துவிட்டுப் போயிருந்தாள். நான் போகும்போது மோட்டருக்கு, சுவிட்சுப் பெட்டிக்கு, தொட்டிக்கு என்று மெசின் முழுக்கப் பொட்டு.

கதவைச் சாத்தினோம். சுவிட்சைப் போட்டேன். முதல் போத்தல் நிரம்பியது. மூக்கு மேலே வந்தது. பெல்ட் அசையவில்லை.

நிறுத்தி, மறுபடி போட்டேன். அசையவில்லை. கண்ணின் பின்னால் இருக்கும் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் போத்தலும் நின்றது. சரி, கண் வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டு சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினேன். மழை ஈரம் உள்ளே போயிருக்கும் என்று எனக்கு முன்பே சந்தேகம். வயர் வயராகப் பார்த்தேன். பிறகு மோட்டர். பிறகு பெல்ட்டின் உருளை. மதியம் தாண்டிவிட்டது. பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். மாமி முணுமுணுவென்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. இந்த அறை, இந்தத் தேன், இந்த ஊர், நான் இட்ட ஆணை, எல்லாம் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்திருந்தன. ஓடாவிட்டால் போக முடியாது. போகாவிட்டால் வேலை இல்லை.

“என்னை இந்த அறைக்குள்ள அடைச்சுக் கொல்லுறீங்க!” என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மணி மூன்று இருக்கும். களைத்துப்போய் பெல்ட் பக்கத்தில் குந்தினேன். கை வைக்க இடமில்லாமல் அந்த ஒற்றைப் போத்தலைத் தூக்கித் தரையில் வைத்தேன். போத்தல் போய்விட்டது. கண்ணின் விளக்கு இன்னும் எரிந்தது.

குனிந்து பார்த்தேன். பெல்ட்டுப் பக்கத்துக் கண்ணின் கண்ணாடிக்கு மேல், விளிம்பில் படாமல், வட்டமாக, தடிப்பமாக ஒரு சந்தனப் பொட்டு. மற்றப் பொட்டெல்லாம் அவசரத்தில் இழுத்துவிட்டவை. இது அளந்து வைத்தது.

நிமிர்ந்தேன். ஆறு பெண்கள் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு யாருக்கும் தெரியாது. நான் எழும்பி, ஏலாது மாமி, உள்ளே ஏதோ எரிஞ்சு போச்சு என்று சொல்லியிருந்தால் போதும். அம்மனாணை என்னை ஊரில் நிறுத்தியிருக்கும். ஒருவரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்படிச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு நிமிசத்துக்கும் குறைவு. பிறகு பயம் வந்தது. வீட்டிலே நாள் முழுக்க இருந்தால் நான் யார், என்ன செய்வேன் என்று நினைத்தபோது வந்த பயம். இடுப்பில் கட்டியிருந்த சறத்தின் ஓரத்தால் பொட்டைத் துடைத்தேன்.

விளக்கு அணைந்தது. பெல்ட் ஓடியது. போத்தலுக்குப் பின்னால் போத்தலாகச் சுத்தமான கழுத்தோடு வந்தன. மாமி அழுதா. பெண்கள் குரவை போட்டார்கள். அந்தச் சின்ன அறைக்குள் காது அடைத்தது. என் மனைவியும் வாயில் கை வைத்துக் குரவை போட்டாள். அவள் சத்தம்தான் கடைசியாக நின்றது.

வீட்டில் பெட்டி அடுக்கும்போதுதான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “ஏன் அப்படிச் செஞ்ச?”

அவள் என் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். “அஞ்சு கிழமை அடைச்சு வச்சிருக்காங்க எண்டு அவ்வளவு கத்தினீங்க. ஆறு வருசமா என்னை எங்க வச்சிட்டுப் போறீங்க எண்டு ஒருநாளாவது கேட்டீங்களா?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன். அதுதான் நான் சொன்னது.

இப்போது லைனை அவள்தான் ஓட்டுகிறாள். பிஸ்டன் கழற்றிக் கழுவுவது, மூக்கு மாற்றுவது எல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. ஹோட்டல்காரன் போத்தலைத் திருப்பி அனுப்புவதில்லை. என்னிடம் அவள் மெசினைப் பற்றி ஒன்றும் கேட்பதுமில்லை.

போன கிழமை போனில் பேசும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. “வாற வருசம் எல்லாத்தையும் முடிச்சுக்கொண்டு ஒரேயடியா வந்திருவன் புள்ள. அம்மனா...”

“ஆணை இடாதீங்க” என்றாள். சத்தம் போடவில்லை. “உங்கட ஆணையை நம்பித்தான் நான் அண்டைக்குப் பொட்டு வச்சன்.”

பிறகு, மாமி கூப்பிடுகிறா, தேன் சூடு ஆற முன் அடைக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.