காய்ச்சாத பால்

அர்த்தனாரி எதையும் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்கமாட்டான். சுனைத் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடிப்பான். கொல்லிமலையில் சுனைத் தண்ணீரைக் காய்ச்சும் ஒரே ஆள் என்று அவன் ஊர்ப்பக்கமான வாழவந்தி நாட்டில் அவனைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

காரணம் இருந்தது. இளம் வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலைக்குப் போனான். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஏறினால் மத்தியப் பிரதேசத்தில்தான் இறக்கம். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். ஓர் ஊரில் குட்டையில் அள்ளிக் குடித்த தண்ணீர் அவனைச் சாய்த்தது. லாரிக்கு அடியில் சாக்கை விரித்துக் காய்ச்சலில் கிடந்தான். பக்கத்துச் சாக்கில் கிடந்த கூட்டாளி ஊர் திரும்பவில்லை. தண்ணீரில் கிருமி இருந்தது என்றார் அங்கிருந்த டாக்டர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆளைக் கொல்லும் என்பதை அர்த்தனாரி அதற்குப் பிறகு மறக்கவில்லை.

மலைக்குத் திரும்பியவன் குச்சிக்கிழங்கு பயிரிட்டான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றினான். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்காக வீடு வீடாகப் பால் சேகரித்தான். வண்டியின் இரு பக்கமும் கேன் தொங்கும்; தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை விட்டு டிகிரி பார்ப்பான். வெயில் ஏறினால் காய்ச்சாத பால் என்ன ஆகும் என்று மூக்கால் அறிந்தவன்.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவனுக்கும் சுகுணாவுக்கும் ஒரு பையன் பிறந்தான். குறைமாதம். ஆபரேஷன். பிள்ளையை நாமக்கல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுகுணா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஒரு காலை பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தது. அதிலிருந்த பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது பால் குடிக்கத் தெம்பு இல்லை. மார்பில் வாய் வைத்ததும் தூங்கிவிடுவான். சுகுணா பாலைப் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்துவிட்டு அசந்துபோவாள். அர்த்தனாரி அதைச் சங்கில் ஊற்றி, சங்கின் மூக்கு நுனியைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவான். ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்று தெரு பேசியது.

“பேரு வெச்சவங்க தெரிஞ்சேதான் வெச்சிருக்காங்கப்பா. பாதி பொம்பளைதான் நீயி” என்றான் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன்.

“மீதிப் பாதிய வெச்சுத்தான் உன் ஊட்டுப் பாலையும் அளக்கறேன். தண்ணி கலந்தியா இன்னைக்கு?”

கருப்பண்ணன் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. மலைக்கு மாற்றலாகி வந்தபோது வளைவுகளில் வாந்தி எடுத்தவள், இப்போது அதே வளைவுகளில் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். பிள்ளையை எடைபோட வந்தாள். துணித்தொட்டிலில் பிள்ளையை வைத்துத் தராசைத் தூக்கிப் பிடித்தாள். முள்ளைப் பார்த்தாள். இறக்கி, மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

“கூடவே இல்லையே. கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வயிறு போகுதா?”

“தண்ணியாத்தானுங்க போவுது” என்றாள் சுகுணா. “வயிறும் உப்பிக்கிது.”

“அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நாமக்கல்லுக்குத்தாம்மா கொண்டு போகணும்.”

சுகுணா பிள்ளையை வாங்கி இறுக்கிக்கொண்டாள். அந்தக் காலிப் பெட்டியை நினைத்தாள். அர்த்தனாரியும் அதையே நினைத்தான்.

“எப்படிக் கொடுக்கீங்க, எனக்கு ஒருதடவை காட்டுங்க” என்றாள் ஜெசிந்தா.

அர்த்தனாரி அடுப்படியிலிருந்து சிறு பாத்திரத்தை எடுத்து வந்தான். இந்த வேலையில் தன்மேல் குறை சொல்ல இடமில்லை என்ற தெளிவு அவன் முகத்தில் இருந்தது. ஜெசிந்தா பாத்திரத்தைத் தொட்டாள்.

“இது ஏண்ணே சுடுது?”

“இப்பத்தானுங்க காச்சி எறக்குனேன். நல்லா ஆறவெச்சுத்தான் குடுப்பேன். பச்சப்பால் ஒரு சொட்டு அவன் வாயில பட்டதில்லீங்க.”

சுகுணா எழுந்து நின்றுவிட்டாள். “காச்சினீங்களா? எம்பாலையா?”

“பாலுன்னா காச்சித்தான…”

“நான் என்ன மாடா? அடுத்தாப்பல அந்த மானியையும் உட்டு டிகிரி பாப்பீங்களாட்ட இருக்குது!”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “எத்தனை நாளா?”

“வந்ததுலேருந்துங்க” என்றான் அர்த்தனாரி.

அவள் அவனைத் திட்டவில்லை. கீழே உட்கார்ந்தாள். “தாய்ப்பாலு வெறும் சத்து மட்டும் இல்லண்ணே. அதுல கிருமி இருக்கு. நல்ல கிருமி. அம்மா உடம்புல இருந்து பாலு வழியா பிள்ளை குடலுக்குப் போகும். சோளக்காடு பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்ததும் ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்காங்கள்லா? அதே மாதிரி இதுக முன்னாடி போய் உட்காந்துக்கிடும். பின்னால கெட்டது ஏறுனா உட்கார எடம் இருக்காது.”

“கொதிக்க வெச்சா?”

“கொதிச்சா எது பிழைக்கும்? நோயை எதுக்கறதுக்குன்னு பாலுல இருக்கறதுல பாதியும் கெட்டுப்போகும். நீங்க காய்ச்சணும்னா சங்கைக் காய்ச்சுங்க. பால் பீய்ச்சற டம்ளரைக் காய்ச்சுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பாலைத் தொடாதீங்க. பிள்ளையைத் துணியில்லாம நெஞ்சோட சேர்த்து வைங்க. தினமும் மார்புல போட்டுப் பாருங்க.”

ஸ்கூட்டர் போன பிறகு சுகுணா பால் பீய்ச்சிக் கொடுத்தாள். அர்த்தனாரி சங்கில் ஊற்றினான். பிள்ளையின் உதட்டருகே கொண்டு போனான். கை நின்றுவிட்டது. லாரிக்கு அடியில் கிடந்தபோது அவன் அறிந்த கிருமிக்கு ஒரே முகம்தான், கொல்லும் முகம். அது வழித்துணையாகவும் வரும் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது தவறிப்போனால் போவது பிள்ளை.

“இப்பவே நாமக்கல்லுக்குக் கொண்டு போயிரலாமா?” என்றான்.

சுகுணாவின் கோபம் போய்விட்டது. “சொசைட்டிப் பாலு எத்தன கை மாறி வருது. இது எங்கிட்டேருந்து உங்க கைக்கு வருது. அவன எட்டு மாசம் உள்ள வெச்சிருந்தேன், அப்ப காச்சியா குடுத்தேன்? ஊத்துங்க.”

ஊற்றினான். பிள்ளை விழுங்கியது. அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு சங்குக்கும் பிறகு, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சட்டையைக் கழற்றிவிட்டு அவனைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டான். கருப்பண்ணன் எட்டிப் பார்த்தான், கேலி செய்யவில்லை. “கண்ணு பொழச்சுக்கும்டா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வயிற்றுப்போக்கு நின்றது. வயிற்று உப்பல் வடிந்தது. ஜெசிந்தா வந்து தராசைத் தூக்கினாள். முள் நகர்ந்திருந்தது. அதிகமில்லை. ஆனால் மேலே.

“நாமக்கல் வேண்டாம்” என்றாள்.

சுகுணா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நாந்தானுங்களா பிள்ளையக் கெடுத்தேன்?” என்று கேட்டான் அர்த்தனாரி.

“அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேண்ணே. குறைமாசப் பிள்ளை, ஆயிரம் இருக்கும். ஆனா இனிமே காய்ச்சாதீங்க.”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுகுணா சுவர்ப்பக்கம் திரும்பிப் பிள்ளையை மார்பில் போட்டாள். எப்போதும்போல் தூங்கிவிடுவான் என்று அர்த்தனாரி சங்கோடு நின்றான். பிள்ளை தூங்கவில்லை. இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. விழுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. சுகுணா திரும்பாமலே, சங்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அவன் வாசலுக்கு வந்தான். ஜெசிந்தா ஸ்கூட்டரில் தராசைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கட்டுமுங்க” என்றான்.

“யாருண்ணே?”

“நீங்க. அவ. அப்பறம்…” தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். “உள்ள போயி எடம் பிடிச்சு உக்காந்திருக்காங்களே, அவுங்களும்.”

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். அவன் வாசலிலேயே நின்றான். உள்ளே பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.