கவுன் தைக்கத் தெரியாதவர்கள்

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைப் பறிகொடுத்த குடும்பங்களை லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் தங்கவைத்திருந்தார்கள். அங்கிருந்த பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன் என்று பெரியம்மா தானாகவே போய்ப் பெயர் கொடுத்தார். நத்தார் பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் புதுவருஷத்துக்கு முன் அவரிடம் யாரும் வாங்கியதில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. பழைய பேப்பரில் கவுன் அளவு வெட்டுவது என் வேலை. அதனால் நானும் ஒரு டீச்சர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் பதுளையிலிருந்து பஸ்ஸில் கைமெஷினைத் தூக்கிக்கொண்டு போவோம். முதல் வாரம் நான்கு ஊசிகள் உடைந்தன. இரண்டாம் வாரம், பெரியம்மா கழுத்து வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்து யாரோ கூப்பிட, இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்கள் வந்ததும் வேறு இரண்டு பேர். கேட்டால், "கொஞ்சம் வேலைங்க அக்கா" என்பார்கள்.

"வேலையாம் வேலை! நான் மட்டும் என்ன வேலவெட்டி இல்லாமயா வந்திருக்கேன்?" என்று வழியெல்லாம் பெரியம்மா புலம்பினார்.

மூன்றாம் வாரம், ஒரு புடவைக்கடை முதலாளியிடம் கேட்டு வாங்கிய பூப்போட்ட துணிச்சுருளைக் கொண்டுபோய் வைத்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்க வேண்டும். அடுத்த வாரம் தானே வந்து வெட்டும்வரை யாரும் தொடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த வாரம் போனால், துணி முழுவதையும் நீளநீளமாக வெட்டி, ஒன்றோடொன்று கையாலேயே கோணல்மாணலாக இணைத்து வைத்திருந்தார்கள்.

"இது கவுனாங்க? யாருக்கு, யானைக்கா?" பெரியம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்திதான் பதில் சொன்னாள். "தெரைங்க அக்கா. அம்புட்டு குடும்பமும் ஒரே ஹால்ல கெடக்கோம். உடுப்பு மாத்தணும்னா ரெண்டு பேரு சேலையப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். வயசுப் புள்ளைங்க இருக்குதுங்க. நீங்க கவுன் தச்சித் தந்தாலும் எங்க நின்னு போடுறது?"

பெரியம்மா, "அதுக்குன்னு ஓரத்த மடிக்காமயா தைப்பீங்க? கயிறு எதுல நொழையும்?" என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டுவிட்டு, தையலை எல்லாம் பிரித்தார். அன்று மாலை வரை ஒருத்தியும் எழுந்து போகவில்லை. இரண்டு ஊசி உடைந்தது. பெரியம்மா வேறு ஊசி மாட்டி, திரையின் ஓரத்தைத் தைக்கக் கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவே இல்லை. நான் வெட்டி வைத்திருந்த பேப்பர்க் கவுன்களை ஆளாளுக்கு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க சொன்னத நீங்க கேட்டுட்டீங்க. நீங்கதானே டீச்சர்?" என்றேன் பஸ்ஸில்.

"ஆமா" என்றார் பெரியம்மா, வெளியே பார்த்துக்கொண்டு.

அந்தப் பதில் கோபத்தை இன்னும் கூட்டியது. வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் அறைக்குள் போய், கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, உடுப்பு மாற்றினேன்.