ஏகாம்பரத்துக்கு வந்த கடிதம்

அறுபதுகளின் இறுதியில் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் குடியிருந்தபோது, ஆங்கில வாக்கியங்களை மாற்றி எழுதும் பயிற்சியை நாள்தோறும் வாசலில் அமர்ந்து உரக்கப் படித்தபடி செய்துவந்தேன். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவேன், நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவேன். புத்தகத்தின் கடைசிப் பக்க விடைகளோடு எல்லாம் ஒத்துப்போகும். விதிப்படி சொற்களை இடம் மாற்றினேனே தவிர, பாதி வாக்கியங்களுக்குப் பொருள் அறியேன். தெருவுக்கு அது தெரியாது.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் பாடியிலிருந்த ஒரு தொழிற்சாலைக்கு வேலை கேட்டு மனுப் போட்டிருந்தார். அங்கிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னா நைனா எழுதிக்கீறான்?"

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "மனு கெடச்சுதாம். அப்பறமா கூப்புடுவாங்களாம்" என்றேன்.

ஒரு மாதம் காத்திருந்துவிட்டு அவரே நேரில் போய்க் கேட்டார். இரண்டு வாரத்துக்குள் வேலையில் சேரும்படி அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததாம். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

திரும்பியவர் நேராக என்னிடம் வந்தார். "வேற ஆள உள்ள வுட்டுகினு கத வுடறான். நீ படிச்சது பொய்யா? அவனுக்கு இங்கிலீசுலயே நறுக்குனு ஒரு கடுதாசி எழுதிக் குடு."

"அன்னைக்கி எனக்கு அது புரியல, ஏகாம்பரம்."

அவர் சிரித்தார். "புரியாமயா தெனம் அம்மாம் நேரம் எழுதிகினு கீற? எனக்காவ பழிய ஏத்துக்காத நைனா." வெள்ளைத் தாளை என் முன் விரித்து வைத்தார்.

பின்னாளில் ஆங்கிலம் எனக்குப் புரியத் தொடங்கியது. ஆயினும் அன்று பேனாவைத் திறந்து, எதிரே நம்பிக்கையோடு காத்திருந்த அந்த முகத்தைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் எழுத இயலாமல் அமர்ந்திருந்த நேரத்தை நான் இன்னும் கடந்து வரவில்லை.